பூந்தமல்லிக்கு எட்டு விசை

பூந்தமல்லி ஒரு தாலுகா தலைநகரம். நீதிமன்றங்களும் வட்டாட்சியர் அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமும் உள்ள ஊர் என்றால் அங்கே நாள் முழுக்கத் தமிழில் டைப் அடித்துப் பிழைப்பவர்களும் இருப்பார்கள். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்று கேட்கும் மனு, பிரமாணப் பத்திரம் என்று அவர்களுக்கு வேலை ஓய்வதில்லை. மணிக்கட்டு வலி, சுண்டுவிரல் குடைச்சல், தோள்பட்டை இறுக்கம் ஆகியவை இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். இதற்கு மருந்தாகச் சந்தையில் ‘எர்கோனாமிக்’ கீபோர்டுகள் வந்துவிட்டன. நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருப்பவை, கூடாரம் போல் சாய்ந்தவை, கட்டைவிரலுக்குத் தனி விசைக்கூட்டம் கொண்டவை என்று பல வகை. விலை பல ஆயிரம் ரூபாய். அவற்றை வாங்கி லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தில் செருகினால் தமிழ் தட்டுவது சுகமாகிவிடுமா? பாதி சுகம் கிடைக்கும். மீதிப் பாதி, எந்த எழுத்து எந்த விரலுக்குக் கீழே வருகிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைக் கடையில் வாங்க முடியாது. நாமே அமைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வசதியான இடம் திறந்த மூல இயங்குதளம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கருவியின் எல்லையைப் பார்த்துவிடலாம். சாதாரணக் கீபோர்டில் இரு கைகளும் நடுவில் நெருங்கி நிற்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. இரண்டாகப் பிரிந்த கீபோர்டு கைகளைத் தோள் அகலத்துக்கு விலக்கி வைத்து அந்த வளைவைக் குறைக்கிறது. இது அளந்து பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஆனால் இதனால் கை நோய் வராமல் தடுக்கலாம் என்று உறுதி சொல்வதற்குச் சான்று போதாது என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியோஷ் 1997-லேயே எச்சரித்தது. நாற்காலியின் உயரம், இடைவேளை, வேலையின் அளவு எல்லாவற்றையும் ஒரு பலகை ஈடுசெய்துவிடாது. இன்னொரு எல்லையும் உண்டு. இந்தக் கீபோர்டுகள் எல்லாமே ஆங்கிலம் தட்டும் விரல்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. எந்த விசையை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்ற முடிவெல்லாம் ஆங்கில எழுத்துகளின் புழக்கத்தைப் பார்த்து எடுக்கப்பட்டவை.

அந்த முடிவுகளை நாம் மாற்றியமைக்க முடியும். அதற்குக் காரணம், கீபோர்டுக்கு எந்த மொழியும் தெரியாது என்பதுதான். ஜே விசையை அழுத்தும்போது யூஎஸ்பி வழியாகப் போவது ஜே என்ற எழுத்து அல்ல, 13 என்ற எண். லினக்ஸின் மையநிரலான கர்னல் அதைத் தன் கணக்கில் 36 என்று குறித்துக்கொள்கிறது. எல் விசைக்கு வலப்பக்கத்து அரைப்புள்ளி விசை 51 என்று அனுப்ப, கர்னல் அதை 39 ஆக்குகிறது. இவை வெறும் இருப்பிட எண்கள். 36-க்கு ஆங்கிலத்தில் ஜே, தமிழில் ப என்று பெயர் சூட்டுவது அதற்கு மேலே உள்ள மென்பொருள் அடுக்குகள். எக்ஸ்கேபி என்பது ஒரு அடுக்கு, ஐபஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள் இன்னொரு அடுக்கு. யூஎஸ்பி கீபோர்டுகள் ஒரே பொதுத் தரத்தில் பேசுவதால், எவ்வளவு விநோதமான வடிவம் கொண்டதானாலும் லினக்ஸில் செருகியதுமே வேலை செய்யும், தனி டிரைவர் வேண்டியதில்லை. லினக்ஸில் எர்கோனாமிக் கீபோர்டை ஓடவைப்பது என்பதில் செருகும் வேலை அற்பம். பெயர் சூட்டும் வேலையில்தான் விஷயம் இருக்கிறது.

தமிழுக்கு இந்தப் பெயர்சூட்டல் பலமுறை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தட்டச்சுப்பொறி அமைப்பின் வழிவந்ததைத்தான் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன. அது இரும்புக் கம்பிகளின் இயல்புக்காகப் போட்ட அமைப்பு. கணினிக்கென்றே ஒரு பொது அமைப்பு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் விளைவாக வந்தது. அதைத் தமிழக அரசு அதே ஆண்டு தரமாக ஏற்றது, அதுவே தமிழ்99. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. இடக்கை நடுவரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கை நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. அதிகம் புழங்கும் எழுத்துகள் விரல்கள் ஓய்ந்திருக்கும் வரிசையிலேயே இருக்கின்றன. 18 மெய்களில் ஒன்றுக்குக்கூட ஷிஃப்ட் தேவையில்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானாகப் புள்ளி பெறும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இனத்தொடர்களிலும் அப்படியே. இந்தத் தானியங்கிப் புள்ளி வேண்டாத ‘மமதை’ போன்ற இடங்களில் நடுவே அ-வைத் தட்டினால் போதும். சுருங்கச் சொன்னால், மெய்ம்மயக்க விதியையே விசைக்கணக்கில் மிச்சம் பிடிக்கும் வழியாக்கிய அமைப்பு இது.

இதை ஊரின் பெயரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘பூந்தமல்லி’ என்று எழுத தமிழ்99-ல் ப, ஊ, ந, த, ம, ல, ல, இ என எட்டே தட்டுகள். ந்த-வின் புள்ளியும் ல்ல-வின் புள்ளியும் தாமாக விழுகின்றன. ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் அதே பெயருக்கு 12 தட்டுகள். மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் 10. விரல்களின் பாதையையும் கவனியுங்கள். ந-வுக்கு வலக்கைச் சுண்டுவிரல், த-வுக்கு மோதிரவிரல், ம-வுக்கு நடுவிரல், ல-வுக்கு ஆள்காட்டி விரல். மேசையில் விரல்களை வரிசையாக உருட்டித் தாளம் போடுவது போல நான்கு எழுத்தும் ஒரே வீச்சில் வந்துவிடுகின்றன. எல்லாச் சொல்லிலும் இவ்வளவு லாபம் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘நான்’ என்பதற்கு எந்த முறையிலும் நான்கு தட்டுதான். கணக்கின் அடிப்படை இதுதான்: ஒலிபெயர்ப்பு முறை ஒவ்வொரு அகரத்துக்கும் ஒரு தட்டு கேட்கிறது, தமிழ்99 அகரத்தை இலவசமாகத் தந்துவிட்டுப் புள்ளிக்கு மட்டும் ஒரு தட்டு கேட்கிறது. அந்தப் புள்ளியிலும் இரட்டித்த மெய்களுக்கும் இனத்தொடர்களுக்கும் தள்ளுபடி. நம் மொழியில் அவை எவ்வளவு அடிக்கடி வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்கிரிப்டைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மத்திய அரசின் தரம் அதுவே. 1980களில் தேவநாகரியை அடிப்படையாகக் கொண்டு, இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடமாக அது போடப்பட்டது. இந்தி தெரிந்தவர் ஒருநாளில் தெலுங்கு தட்டலாம் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் அதன் செலவைத் தமிழ் ஏற்றது. வர்க்க எழுத்துகளுக்கு ஒதுக்கிய விசைகள் தமிழில் வெறுமையாகக் கிடக்கின்றன. வலக்கை ஆளும் மேல்வரிசையிலேயே இப்படிப் பல காலி இடங்கள். அதே நேரம் ன, ண, ள, ழ, ற ஐந்தும் ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டிய மாடிக்குப் போய்விட்டன, இந்தியில் அவற்றின் இணைகள் அபூர்வம் என்பதால். ‘ன’ இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், சிரமம் புரியும். சொல்லின் முதலில் வரும் உயிரெழுத்துக்கும் ஷிஃப்ட் வேண்டும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கீபோர்டானாலும், ஒவ்வொரு ‘ன’-வுக்கும் சுண்டுவிரல் ஷிஃப்டுக்கு ஓடினால் அந்தப் பணம் வீண்.

லினக்ஸில் தமிழ்99-ஐ நிறுவும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலங்களில் தமிழைத் தேடினால், ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரோடு சில பதிவுகள் முதலிலேயே தெரியும். அவை எக்ஸ்கேபி அடுக்கைச் சேர்ந்தவை. ஒரு விசைக்கு ஒரு குறி என்று பெயர் சூட்ட மட்டுமே அந்த அடுக்குக்குத் தெரியும், முந்தைய எழுத்து எது என்ற ஞாபகம் அதற்குக் கிடையாது. ஞாபகம் இல்லையென்றால் ‘ல’ இரண்டாம் முறை வந்ததும் முதலாவதற்குப் புள்ளி வைக்கவோ, ஒரே விசையைச் சொல்லின் முதலில் ‘இ’ ஆகவும் மெய்க்குப் பின் உயிர்க்குறியாகவும் மாற்றவோ முடியாது. பெயரில் தமிழ்99, நடத்தையில் அரைகுறை. வேண்டியது ஐபஸ்-எம்17என் என்ற இலவசத் தொகுப்பு. அதை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால், அதே பட்டியலில் ‘தமிழ்99’ என்ற பெயரின் அருகே எம்17என் என்ற அடைமொழியோடு ஒரு பதிவு தோன்றும். அதைத்தான் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். ‘லினக்ஸில் தமிழ் சரிவராது’ என்று கைவிட்டவர்களில் பலர் தவறான வரியைத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கக்கூடும்.

இனி தமிழ்99-ன் குறையையும் பேச வேண்டும். ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய ஆறு எழுத்துகளும் வலக்கைச் சுண்டுவிரலின் தலையில் விழுகின்றன. எண்டர், பேக்ஸ்பேஸ் இரண்டும் அதே விரலுக்குத்தான். ஐந்து விரல்களில் வலுக்குறைந்த விரலுக்கு இது அதிகச் சுமை. பிரிந்த கீபோர்டு உண்மையில் கைகொடுக்கக்கூடிய இடம் இதுவே, ஏனென்றால் அதில் கட்டைவிரலுக்கு மூன்று நான்கு விசைகள் உண்டு. ஆனால் இங்கேயே ஒரு பொறியும் இருக்கிறது. இன்று பிரபலமாக உள்ள சிறிய பிரிந்த கீபோர்டுகளில் கைக்கு ஐந்து பத்தி, மூன்று வரிசை, கட்டைவிரலுக்கு மூன்று என மொத்தம் 36 விசைகள் மட்டுமே. பி-க்கு வலப்பக்கத்து சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும், அரைப்புள்ளிக்கு அடுத்த மேற்கோள் விசையும் அதில் இல்லை. ஆங்கிலத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. தமிழ்99-ல் அந்த மூன்று விசைகள்தான் ச, ஞ, ய. அதாவது அந்தக் கீபோர்டை அப்படியே செருகினால் ‘சென்னை’ என்று எழுத முடியாது. கைக்கு ஆறு பத்தி உள்ள 42 விசைக் கீபோர்டுகளில் ய பிழைத்துக்கொள்ளும், ச-வும் ஞ-வும் பெரும்பாலும் இராது. ஆகவே தமிழ் எழுதுகிறவர் வாங்கும் முன் வலக்கையின் பத்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்கிவிட்டவருக்கும் வழி உண்டு. இத்தகைய கீபோர்டுகள் பலவற்றின் உள்ளே ஓடுவது கியூஎம்கே என்ற திறந்த மூல நிரல். எந்த விசை எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்பதை நாமே எழுதி ஏற்றலாம். ச-வுக்குரிய எண்ணைக் கட்டைவிரல் விசை ஒன்றுக்கு மாற்றினால், காணாமல்போன எழுத்து திரும்புவதோடு சுண்டுவிரலின் பாரமும் இறங்குகிறது. புதுக் கீபோர்டே வாங்காதவருக்கும் லினக்ஸில் கதவு திறந்திருக்கிறது. கீடி என்ற சிறிய நிரல் சாதாரணக் கீபோர்டின் எந்த விசையையும் வேறொன்றாக்கும், மாற்றங்களை ஓர் எழுத்துக்கோப்பில் எழுதிவைத்தால் போதும். அதற்கும் முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று: தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே அ-வுக்குப் பக்கத்தில் வாகான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கேப்ஸ்லாக் தமிழ் எழுதுகிறவருக்குத் தண்டம். அதைப் பேக்ஸ்பேஸாக மாற்றும் வசதி லினக்ஸில் ஆயத்தமாகவே இருக்கிறது. பிழை திருத்தும்போதெல்லாம் வலக்கை மூலைக்கு ஓடும் வேலை அதோடு தீரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் கனமானது ட்வொராக் கதை. 1936-ல் காப்புரிமை பெற்ற ட்வொராக் அமைப்பு வழக்கமான ஆங்கில அமைப்பைவிட வேகமானது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1990-ல் அந்தச் சான்றுகளைக் கிளறிப் பார்த்து, நம்பிக்கைக்குரிய ஆதாரம் மிகக் குறைவு என்று காட்டினார்கள். அப்படியிருக்க தமிழ்99 மட்டும் எப்படி உசத்தி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் எந்த அமைப்பானாலும் ஒரு சொல்லுக்கு அதே எண்ணிக்கைத் தட்டுகள்தான், விசைகள் இடம் மாறுகின்றன, அவ்வளவே. தமிழில் அமைப்பு மாறினால் தட்டுகளின் எண்ணிக்கையே மாறுகிறது. 12 தட்டுகள் எட்டாகக் குறைவதைக் காண்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு காகிதமும் பேனாவும் போதும். அது எவ்வளவு வேகம் தரும், எவ்வளவு வலியைக் குறைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். விரல் செய்யும் வேலை குறைகிறது என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை.

அடுத்த கேள்வி: ஆங்கில விசைகள் எல்லோருக்கும் பழக்கம், ஒலிபெயர்ப்பு முறை இன்றே கைக்கு வரும், புதிதாக ஏன் கற்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புகிறவருக்கு அது சரியான பதில், அவர் மாற வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் பத்திரம் அடிப்பவர் கற்கும் சிரமத்தை ஒருமுறை படுகிறார், கூடுதல் தட்டுகளின் சிரமத்தை ஆயுள் முழுக்கப் படுகிறார். குரலால் எழுதலாமே என்பார்கள். சர்வே எண்ணும் உட்பிரிவும் நான்கு எல்லைகளும் நிறைந்த சொத்து விவரத்தை, பலர் பேசிக்கொண்டிருக்கும் அறையில், பக்கத்தில் நிற்பவர் காதில் விழச் சொல்லி எழுதுவது நடைமுறைக்கு உதவாது. பழைய தட்டச்சில் ஊறியவர் என்ன செய்வார் என்றால், அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அதே எம்17என் தொகுப்பில் தட்டச்சுப்பொறி அமைப்பும் இன்ஸ்கிரிப்டும் இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் அமைப்பும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றங்களை விட்டு 2010-ல் தமிழக அரசு ஏற்ற யுனிகோடுக்கு வருவதற்கு, அவர் விரல்களின் பழக்கத்தைத் துறக்க வேண்டியதில்லை.

தமிழ்99 இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கிறதே, லினக்ஸ் எதற்கு என்பது கடைசிக் கேள்வி. இருக்கிறது, பயன்படுத்துவோர் தாராளமாகப் பயன்படுத்தலாம். விசைகளை மாற்றும் கருவிகளும் அங்கே உண்டு. வேறுபாடு என்னவென்றால், எம்17என்-இன் தமிழ்99 யாரும் திறந்து படிக்கக்கூடிய ஓர் எழுத்துக்கோப்பு. புள்ளி விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், சுண்டுவிரல் சுமையை வேறு விதமாகப் பகிர்ந்து பார்க்கலாம், சரியாக வந்தால் மாற்றிய கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதற்குச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு நிறுவனம் தருவதை ஏற்பதற்கும், ஓர் ஊரின் தொழிலாளர்கள் தங்கள் விரலுக்கேற்பத் திருத்திக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரம் இது.

இந்தச் சுதந்திரம் ஆடம்பரமல்ல என்பதற்குப் பூந்தமல்லியிலேயே சாட்சி உண்டு. அரசுப் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். திரையைப் பார்க்க முடியாதவருக்கு, பரிந்துரைப் பட்டியலில் இருந்து சொல்லைப் பொறுக்கச் சொல்லும் ஒலிபெயர்ப்பு முறை பெரும் இடைஞ்சல். ஒரே வரிசைத் தட்டுகளுக்கு எப்போதும் ஒரே விளைவு தரும் தமிழ்99 அவருக்குத் தோது. தொட்டறிவதற்காக மேடு வைத்த எஃப், ஜே விசைகளில் தமிழ்99-ல் இருப்பவை புள்ளியும் ப-வும். லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, அதற்குத் தமிழ்க் குரல் கொடுக்க ஈஸ்பீக் இருக்கிறது. பிரெய்ல் மட்டும் பழகியவருக்காக ஐபஸ்-பிரெய்ல் என்ற திறந்த மூல நிரல், எஃப், டி, எஸ், ஜே, கே, எல் ஆகிய ஆறு விசைகளையே ஆறு புள்ளிகளாக்குகிறது. க எழுத 1, 3 புள்ளிகள், அதாவது எஃப்பும் எஸ்ஸும் ஒருசேர. ஆறு விரல்கள் ஆறு விசைகளை விட்டு நகர வேண்டியதே இல்லை. விலையுயர்ந்த எந்தக் கீபோர்டும் தராத சுகம் இது. ஒரே எச்சரிக்கை: பல விசைகளை ஒருசேர அழுத்தினால் ஒன்றிரண்டை விழுங்கிவிடும் மலிவுக் கீபோர்டுகள் உண்டு, வாங்கும் முன் ஆறையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் புழக்கத்துக்கு வராததற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது. 2007-ல் முதல் பதிப்பு வந்த பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தை உருவாக்கியதில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளைக்குப் பெரும் பங்கு உண்டு. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. இயங்குதளத்தைக் கொடுத்தோம், அதில் விரல்களைப் பழக்கும் வேலையைச் செய்யவில்லை. டைப்ரைட்டிங் பயிலகங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் தமிழ்99 பாடமாக வேண்டும். லினக்ஸ் வெளியீடுகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தவுடன் எம்17என்-இன் முழுமையான தமிழ்99 முதல் வரியில் வர வேண்டும், அரைகுறைப் பதிவுகள் கீழே போக வேண்டும். பிந்தையதை யாரிடமும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. திட்டங்கள் திறந்தே இருக்கின்றன, தமிழறிந்த நிரலாளர்கள் சேர்ந்து திருத்தம் அனுப்பினால் உலகம் முழுக்க அது இறங்கும். பிரிந்த கீபோர்டு வாங்க வசதியுள்ளவர் அதன் பிறகு வாங்கட்டும். வசதியில்லாதவருக்கும் அதற்குள் பாதி சுகம் கிடைத்திருக்கும்.